கௌபாய் வானொலி நாடகத்தை மேடையில் நேரலையாகப் போட: குளம்புச் சத்தம், துப்பாக்கி, காற்று, பழைய பதிவுகள்

கோத்தகிரி படிப்பகம்

வணக்கம். கோத்தகிரியில் எங்கள் படிப்பகத்துக்காக ஜனவரி கடைசியில் ஒரு வானொலி நாடகத்தை மேடையிலேயே நேரலையாகப் போடுகிறோம். அமெரிக்க வானொலியில் 1930களில் தொடங்கி 1950கள் வரை கொடிகட்டிப் பறந்த கௌபாய் நாடகங்களின் பாணி. கதை கேன்சஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில் நடக்கிறது, வசனம் முழுக்கத் தமிழ், 25 நிமிடம். நடிகர்கள் ஐந்து பேர், ஒலிக்கு இரண்டு பேர். நான்கு டைனமிக் மைக், ஆறு சானல் மிக்சர், இரண்டு ஸ்பீக்கர் இருக்கின்றன. தகரக்கூரைக் கூடம், 60 பேர் உட்காரலாம்.

முக்கியமான காட்சி ஒன்றில் பேச்சே கிடையாது. ஒருவன் குதிரையில் வந்து இறங்கி, மரநடைபாதையில் ஏறி, சலூன் (மதுக்கடை) கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். இது முழுக்க ஒலியில்தான் தெரியவேண்டும். கொட்டாங்குச்சியைத் தட்டிப் பார்த்தோம், பொம்மைக் குதிரை போல இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கும் காற்றுக்கும் என்ன செய்வது? கேட்டுப் பழக எந்தத் தொடர்கள் நல்லவை? இணையத்தில் கிடைக்கும் சில பதிவுகளில் குரல் கீச்சென்று வேகமாக ஓடுகிறது, அதைச் சரிசெய்ய வழி உண்டா? பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஊட்டியில் தினமும் குதிரையைப் பார்க்கிறவர்கள், அவர்களை ஏமாற்ற முடியாது.

மண்பெட்டி

கொட்டாங்குச்சி மேல் தப்பில்லைங்க. அது எதன்மேல் படுகிறது என்பதில்தான் விஷயம். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினால் உள்ளே அடைபட்ட காற்று ‘டொக்’ என்று எதிரொலிக்கும். குதிரையின் குளம்பு அப்படி ஒலிக்காது, மண்ணைக் கொத்தி அழுத்தும். அதனால் தட்டவேண்டியது மண் நிரப்பிய பெட்டியில்.

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரத்தில் பழைய பழ மண்டி மரப்பெட்டி ஒன்று போதும். அடிப்பலகை அதிர்ந்து தப்பட்டை போல ஒலிக்கும் என்பதால் முதலில் ஒரு கம்பளியை நான்காக மடித்துப் போடுங்கள். அதன்மேல் 5 செ.மீ. உயரத்துக்கு மூன்று பங்கு எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஒரு பங்கு கால் இஞ்ச் ஜல்லி. நம் ஊர்ச் செம்மண்ணை அப்படியே கொட்ட வேண்டாம். களிப்பு அதிகம், ஈரம் இழுத்தால் பிசுபிசுவென்று சத்தத்தையே விழுங்கிவிடும், காய்ந்தால் புழுதி கிளம்பி நடிகர் தொண்டையைப் பிடிக்கும். எம்-சாண்டையும் ஒருமுறை அலசி, பழைய இரும்பு வாணலியில் வறுத்து, ஆறியதும் மூடி போட்ட டின்னில் வையுங்கள். நாடகத்தன்று அரை மணி நேரத்துக்கு முன்னால் பெட்டியில் கொட்டினால் போதும்.

கொட்டாங்குச்சி இரண்டும் ஒரே தேங்காயின் பாதிகளாக இருக்கட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பருப்பைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் மலைக்குளிரில் நான்கே நாளில் பூஞ்சணம் பிடித்து விளிம்பு மெத்தென்று ஆகிவிடும். சுரண்டி, இரண்டு நாள் அடுப்படியில் உலர்த்தி, உள்ளே பழைய பனியன் துணியை இறுக்கி அடையுங்கள். அந்தப் பொம்மைச் சத்தம் முக்கால்வாசி இதிலேயே போய்விடும். ஒரு ஜோடி விளிம்பில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள், அது மண் தெருவுக்கு. ரப்பர் இல்லாத இன்னொரு ஜோடி மரப்பாலத்துக்கும் கல்லுக்கும்.

குதிரை தெரிந்தவர்கள் பிடிக்கும் இடம் தாளம். சாதாரண நடைக்கு நான்கு அடி, நான்கும் சம இடைவெளி, நொடிக்கு மூன்றரை முதல் நான்கு அடி வரை. ட்ராட் (துள்ளோட்டம்) இரண்டே அடிதான், குறுக்குக் கால்கள் ஜோடியாக விழுவதால் ‘டப்… டப்…’ என்று கடிகாரம் போலப் போகும். கேண்டருக்கு (மிதமான ஓட்டம்) மூன்று அடி, பிறகு ஒரு சின்ன வெற்றிடம்: ‘டட-டம், டட-டம்’. முழுப் பாய்ச்சலில் நான்கு அடிகளும் நெருங்கி விழுந்து, அடுத்து வெற்றிடம். பழகாத கைகள் எல்லா வேகத்துக்கும் கேண்டர் தாளத்தையே போடும், அதனால்தான் தெருவில் மெதுவாக வரும் குதிரைகூட ஓடுவது போலக் கேட்கிறது.

உங்கள் காட்சிக்கு வருவோம். தூரத்தில் நடைத் தாளம், மைக்கிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ரப்பர் ஜோடியில். பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே தள்ளுங்கள், மிக்சரில் வால்யூமை ஏற்ற வேண்டாம். ஏற்றினால் கூடத்தின் இரைச்சலும் சேர்ந்து ஏறும், குதிரை அருகே வருவதாகத் தோன்றாது. நிற்கும்போது சட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசி நான்கு அடிகள் தளரட்டும், பிறகு ஒரு அடி மட்டும் மண்ணைச் சீண்டட்டும். உதட்டைத் தளர்த்தி ஒரு ‘ப்ர்ர்ர்’. அடுத்து சேணத்தின் முனகல்: தடித்த தோல் பெல்ட் ஒன்றை இரண்டாக மடித்து மைக்குப் பக்கத்தில் மெதுவாக முறுக்குங்கள், மூன்று நொடி. அவன் இறங்குவது ஒரே சத்தம் அல்ல. முதல் கால் தரையைத் தொடும், அரை நொடி கழித்து அடுத்த கால். அதன்பிறகு கடிவாளத்தைக் கட்டும் சின்ன உலோகச் சத்தம். மொத்தம் 12 முதல் 15 நொடி ஆகும். அவசரப்பட்டு 6 நொடியில் முடித்தால் யாருக்கும் படம் விரியாது.

தோல் பெல்ட் விஷயத்தில் கவனம். ஈரக்காற்றில் தோல் ஊறிப் பேசாமல் போய்விடும். அரிசி டப்பாவுக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தால் குரல் திரும்ப வரும். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினை மடிப்பில் லேசாகத் தடவலாம்.

நடைபாதைக்கு 90 × 60 செ.மீ. பலகையை இரண்டு ரீப்பர் கட்டைகள் மேல் 5 செ.மீ. தூக்கி அறையுங்கள். அடியில் வெற்றிடம் இருந்தால்தான் மரம் பேசும். மண்பெட்டியையும் பலகையையும் ஒட்டி வைத்து, ஒருவர் தோல் அடி வைத்த ஷூவோடு மண்ணில் மூன்று அடி, பலகையில் ஐந்து அடி நடக்கட்டும். ரப்பர் அடி ஷூ உதவாது. குதிரைவீரன் குதிகாலில் மாட்டும் குதிமுள்ளின் கிணுகிணுப்புக்குச் சலங்கை கட்டிவிட வேண்டாம், நம் காதுக்கு அது நாட்டியக்காரி வருவது போலத்தான் கேட்கும். இரண்டு இரும்பு வாஷரும் ஒரு பழைய சாவியும் கம்பி வளையத்தில் கோத்துக் குதிகாலில் கட்டுங்கள்.

துப்பாக்கிக்கு வெடி, பட்டாசு, ஓட்டப்பந்தயத் துப்பாக்கி எதுவும் வேண்டாம். மூடிய கூடத்தில் காது போகும், மைக்கும் தாங்காது. கோத்தகிரியில் சாயங்காலமானால் காட்டுமாடு தேயிலைக்குள் நிற்கும் ஊர் வேறு. தோல் அல்லது ரெக்ஸின் மெத்தை ஒன்றை (பழைய பைக் சீட் அருமை) 45 செ.மீ. நீளத் தட்டையான மரச்சட்டத்தால் ஓங்கி ஒரே அடி. மைக் ஒன்றரை மீட்டர் தள்ளி, மெத்தைக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில். இது ‘டம்’ என்று கனமாக வரும், அதுதான் சரி. அந்தக் காலத் துப்பாக்கிகளில் கரிமருந்து, இன்றைய தோட்டாவின் கூர்மையான ‘டப்’ அதில் வராது.

இன்னொன்று, 1873இல் வந்த கோல்ட் ரிவால்வர் ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியலை இழுத்தால்தான் சுடும். இழுக்கும்போது நான்கு ‘கிளிக்’ கேட்கும். மெக்கானிக் கடை ராட்செட் ஸ்பேனரை மைக்கருகில் கொஞ்சம் திருப்பினால் அதே சத்தம். அமைதியில் அந்தக் கிளிக் மட்டும் வந்தால் சுடுவதைவிட அதிகமாகக் கூடம் உறையும். தடதடவென்று சுட்டுத் தள்ளுவது இந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. குண்டு எண்ணிக்கை ஆறுக்கு மேல் போகாமல் வசனத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு 45 செ.மீ. விட்டமுள்ள உருளை: இரண்டு வட்டப் பலகை, நடுவே 14 மரச்சட்டம், கைப்பிடி. மேலே காடாத் துணியை ஒரு முனையில் ஆணியடித்து, மறுமுனையில் கனமான கம்பு கட்டித் தொங்கவிடுங்கள். வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும். துணி ஈரமானால் சத்தம் செத்துவிடும், சுற்றும் முன் இஸ்திரி போட்டுச் சூடாக்குங்கள். வெளியே காற்றைப் பதிவு செய்து போடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். நம் காற்று கற்பூர மரத்துக்குள் புகுந்து சலசலக்கும், கூடவே குருவியும் கத்தும். டாட்ஜ் சிட்டியைச் சுற்றி மரமில்லாத புல்வெளி, அங்கே காற்று இடைவிடாமல் தாழ்ந்த சுருதியில் இழுக்கும்.

கைகலப்பு இருந்தால் முஷ்டியால் முட்டைக்கோஸில் குத்துங்கள், எலும்பு முறிய அன்று பிடுங்கிய கேரட். இது இரண்டுக்கும் நமக்குக் கடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை. பழைய கேரட் வளையும், முறியாது.

தேயிலைக்காற்று

ஒலிப்பக்கம் மேலே தீர்ந்துவிட்டது. கேட்பது பற்றிச் சொல்கிறேன்.

இந்த நாடகங்களில் இரண்டு பரம்பரை உண்டு, அதைக் குழப்பிக்கொண்டால் உங்கள் நாடகம் இரண்டும் கெட்டானாகிவிடும். ஒன்று பிள்ளைகளுக்கானது. ‘லோன் ரேஞ்சர்’ 1933இல் டெட்ராய்ட் நகரின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் நிலையத்தில் தொடங்கியது. உரிமையாளர் ஜார்ஜ் ட்ரெண்டில், எழுதியவர் ஃப்ரான் ஸ்ட்ரைக்கர். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம். அதில் அறிவிப்பாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்: யார் வருகிறார், எங்கே ஒளிகிறார், என்ன நினைக்கிறார். வேகம்தான் அதன் உயிர். முகமூடி அணிந்த நாயகன் லோன் ரேஞ்சராக நடித்த எர்ல் கிரேசர் 1941 ஏப்ரலில் கார் விபத்தில் இறந்தபோது, கதையில் நாயகன் காயம்பட்டுக் கிசுகிசுப்பாக மட்டுமே பேசும்படி சில பகுதிகளை எழுதி ஓட்டினார்கள். அதற்குள் ப்ரேஸ் பீமரின் குரலுக்குக் கேட்பவர்களைப் பழக்கிவிட்டார்கள். குரலே முகம் என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்றது பெரியவர்களுக்கானது. உங்கள் காட்சி அந்த வகை. ‘கன்ஸ்மோக்’ சிபிஎஸ் வானொலியில் 1952 ஏப்ரல் 26 முதல் 1961 ஜூன் 18 வரை ஓடியது. தயாரிப்பு நார்மன் மக்டோனல், எழுத்து பெரும்பாலும் ஜான் மெஸ்டன், மார்ஷல் மேட் டில்லனாக வில்லியம் கான்ராட். இதில் சொற்களுக்கு இடையே விடும் அமைதியை நேரம் குறித்துக்கொண்டு கேளுங்கள். நான்கு, ஐந்து நொடி வெறும் நடை, கதவு, கண்ணாடிக் குவளை. யாரும் ‘இதோ கதவைத் திறக்கிறேன்’ என்று சொல்வதில்லை. முதல் முயற்சியாக 1949இல் ஒரே கதையை ஜூனில் ஒரு முறையும் ஜூலையில் வேறு நாயகனோடு ஒரு முறையும் பதிவு செய்தார்கள், இரண்டும் கிடைக்கின்றன. அடுத்தடுத்துக் கேட்டால், நடிகரும் நடத்துபவரும் மாறும்போது ஒரே வசனம் எப்படி வேறு கதையாகிறது என்பது விளங்கும். ஒத்திகைக்கு முன் உங்கள் ஐந்து நடிகர்களும் இதைச் சேர்ந்து கேட்பது நல்லது.

அடுத்ததாக ‘சிக்ஸ் ஷூட்டர்’, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தது, என்பிசியில் 1953 செப்டம்பர் முதல் 1954 ஜூன் வரை 39 பகுதிகள். மெல்லப் பேசி ஒரு கூடத்தைக் கட்டிப்போடுவது எப்படி என்பதற்கு அதுதான் பாடம். நாயகனே கதைசொல்லியாக இருக்கவேண்டும் என்றால் 1958இல் வந்த ‘ஃப்ரான்டியர் ஜென்டில்மேன்’ கேளுங்கள். லண்டன் பத்திரிகை நிருபராக ஜான் டேனர். அதே டேனர்தான் ‘ஹேவ் கன், வில் டிராவல்’ வானொலிக்கு வந்தபோது பாலடினாக நடித்தார். பொதுவாக வானொலியிலிருந்து தொலைக்காட்சிக்குப் போவார்கள், இது தொலைக்காட்சியிலிருந்து வானொலிக்கு வந்தது.

இனி வேகப் பிரச்சினை. இந்த நிகழ்ச்சிகள் 16 அங்குலத் தட்டுகளிலும் பிறகு நாடாவிலும் தங்கின, நகலுக்கு நகல் எடுத்தபோது இயந்திரங்களின் வேகம் பிசகியது. சரிபார்க்க ஒரு நல்ல அளவுகோல் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதன் ரீங்காரம் பழைய பதிவுகளில் மெல்லக் கேட்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் யாரும் பேசாத இரண்டு, மூன்று நொடியைத் தேர்ந்தெடுத்து, அலைவரிசை வரைபடம் போடுங்கள், அளவை 65536க்கு வையுங்கள். 44100 மாதிரி வேகத்தில் அது 0.67 ஹெர்ட்ஸ் துல்லியம் தரும். ரீங்காரம் 62.4இல் முளைத்தால் 60ஐ 62.4ஆல் வகுக்கவேண்டும்: 0.9615. அதாவது வேகத்தை 3.85 சதவீதம் குறைக்கவேண்டும். மாற்றவேண்டியது வேகம். டெம்போவை மட்டுமோ சுருதியை மட்டுமோ மாற்றினால் குரல் இயல்பாக வராது. 60இல் முளை தெளிவில்லையா, 120 அல்லது 180ஐப் பாருங்கள். 180இல் பார்த்தால் துல்லியம் மூன்று மடங்கு.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரீங்காரம் சரியாக 60இல் இருந்தும் குரல் கீச்சென்று இருந்தால், அந்த ரீங்காரம் பிற்காலத்தில் நகல் எடுத்த இயந்திரத்துடையது. அருகிலேயே இரண்டாவது, மெலிந்த முளை இருக்கும், அதுதான் உண்மையானது. 50இல் முளை தெரிந்தால் நகல் நம்மைப் போல 50 ஹெர்ட்ஸ் ஊரில் எடுக்கப்பட்டது. லோன் ரேஞ்சருக்கு இன்னொரு சுலப வழி: முகப்பு இசை ரொசீனியின் வில்லியம் டெல் ஓவர்ச்சரின் இறுதிப் பகுதி, அது ஈ மேஜர். கீபோர்டில் ஈ அழுத்திப் பாருங்கள், எஃப்போடு ஒத்துப்போனால் பதிவு கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகமாக ஓடுகிறது.

நிகழ்ச்சி நீளத்தை வைத்து வேகம் கணக்கிடுவதை நம்ப வேண்டாம். அமெரிக்கப் படையினருக்கான வானொலிக்குப் போன தட்டுகளில் விளம்பரங்களை வெட்டிவிட்டு அங்கங்கே இசையால் நிரப்பியிருப்பார்கள்.

ஏரிச்சாலை, கொடைக்கானல்

மண்பெட்டி அண்ணன் சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. யாராவது ‘கொட்டாங்குச்சி எதுக்கு, நிஜக் குதிரையைப் பதிவு செய்யலாமே’ என்பார்கள். இங்கே ஏரியைச் சுற்றி ஓடும் குதிரைகள் தார்ச்சாலையில் லாடத்தோடு ஓடுகின்றன. கணீர் கணீர் என்று கேட்கும் அந்தச் சத்தத்தை டாட்ஜ் சிட்டி மண் தெருவில் வைக்கவே முடியாது. கூடவே ஹாரன் சத்தமும் வரும்.

மைக் பற்றி. பழைய படங்களில் நடிகர்கள் ஒரே மைக்கின் இருபுறமும் எதிரெதிரே நிற்பார்கள். அது ஆர்சிஏ 44 போன்ற ரிப்பன் மைக். முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கவாட்டிலும் செவிடு. பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்தாலே குரல் தூரமாகிவிடும். உங்கள் டைனமிக் மைக் கார்டியாய்டு வகை, முன்பக்கம்தான் நன்றாகக் கேட்கும், செவிட்டுப் பக்கம் அதன் முதுகு. பக்கவாட்டில் நகர்ந்தால் குரல் தூரமாகாது, வெறுமனே மந்தமாகும். எனவே தூரத்திலிருந்து பேசிக்கொண்டே வருபவர் நேர்க்கோட்டில் ஒன்றரை மீட்டரிலிருந்து 20 செ.மீ. வரை நடந்து வரட்டும். 10 செ.மீ.க்குள் போனால் குரலில் கனம் ஏறும். மனசுக்குள் பேசும் வசனங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள், அப்போது கேட்பவருக்கே தெரியாமல் வித்தியாசம் புரிந்துவிடும்.

நான்கில் இரண்டு மைக் குரலுக்கு, ஒன்று மண்பெட்டிக்கு 30 செ.மீ. உயரத்தில், ஒன்று துப்பாக்கிக்கும் காற்றுக்கும். குரல் மைக்குகளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மண்பெட்டி மைக்கில் வெட்டாதீர்கள், குளம்பின் கனம் அங்கேதான் இருக்கிறது. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர் பக்கம். தகரக்கூரை தாழ்ந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அதிரும், அதனால் துப்பாக்கி அடியை ஒத்திகையில் கூடத்துக்குள்ளேயே அளந்து வையுங்கள். ஜனவரி நல்ல தேர்வு, உங்கள் பக்கத்து வடகிழக்கு மழை அதற்குள் ஓய்ந்துவிடும். தகரத்தில் மழை பிடித்தால் எந்த மிக்சரும் காப்பாற்றாது. ஆனால் அந்த வறண்ட குளிரில் தாள் மொடமொடக்கும். வசனத் தாள்களில் பின் அடிக்காமல், முடிந்த பக்கத்தை உயர்த்தாமல் பின்னால் நழுவவிடப் பழகட்டும்.

எனக்கு அதிகம் அக்கறை வசனத்தில்தான். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் நீ, நீங்க என்று முடிவு செய்தே ஆகவேண்டும், அது நமக்குக் கிடைத்த வரம். கன்ஸ்மோக்கில் உதவியாளன் செஸ்டர் எப்போதும் ‘மிஸ்டர் டில்லன்’ என்பான், டாக்டரும் கிட்டியும் ‘மேட்’ என்பார்கள். அந்த உறவு வித்தியாசத்தைத் தமிழ் ஒரு விகுதியில் காட்டிவிடும். உங்கள் நாடகத்தில் ஒருவர் முழு நேரமும் ‘நீங்க’ போட்டுப் பேசிவிட்டு, துப்பாக்கியை இழுக்கும் முன் ஒரே ஒரு ‘நீ’ போடட்டும், பிறகு அந்த நான்கு கிளிக். வேறெதுவும் வேண்டியதில்லை. ‘ஏய் நண்பா, உன் கதை முடிந்தது’ என்று டப்பிங் தமிழ் பேசவைத்தால் இத்தனை மண்ணும் மரமும் வீண். சிவகாசிக் காமிக்ஸ் படித்து வளர்ந்த கூட்டத்துக்கு ஷெரீப், மார்ஷல், சலூன் எல்லாம் தெரியும், அவற்றை மொழிபெயர்க்காமல் விடுங்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். அந்த நாடகங்கள் பலவற்றில் அமெரிக்கப் பழங்குடியினர் உடைந்த ஆங்கிலத்தில் பேசுவார்கள், லோன் ரேஞ்சரின் பழங்குடித் தோழன் டோன்டோ உட்பட. அதை அப்படியே கொச்சைத் தமிழாக்கிவிடாதீர்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் வாழும் மலையில் அந்தக் கூடத்தில் அமர்ந்து கேட்பவர்களுக்கு அது அவமானம். அவர் தன் மொழியில் சரளமானவர், அந்தச் சரளம் தமிழிலும் வரட்டும்.

கதைக்கு: கன்ஸ்மோக் வசனத்தை மொழிபெயர்க்க நினைத்தால் உரிமைச் சிக்கல் உண்டு. மெஸ்டன் 1979இல்தான் இறந்தார், நம் நாட்டில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு உரிமை நீடிக்கும். ஓ. ஹென்றி 1910இல் இறந்தவர், அவருடைய மேற்குக் கதைகளைத் தாராளமாக எடுத்தாளலாம். ‘சிஸ்கோ கிட்’ அவர் 1907இல் எழுதிய கதையில் ஈவிரக்கமற்ற கொலைகாரன், பிறகு வந்த சினிமாவும் வானொலியும்தான் அவனை நல்லவனாக்கின. மூலக்கதையில் மூன்றே முக்கியப் பாத்திரங்கள், உங்கள் ஐந்து பேருக்குச் சுலபம்.

கோத்தகிரி படிப்பகம்

மூவருக்கும் மிக்க நன்றி. கொட்டாங்குச்சிக்குள் பனியன் துணி அடைத்துப் பார்த்தோம், உடனே மாற்றம் தெரிகிறது. கதை சொந்தமாக எழுதியதுதான். கடைசிக் காட்சியில் ரயில் வந்து நிற்கிறது. குன்னூர் போய் நம் நீராவி ரயிலைப் பதிவு செய்து போடலாமா?

மண்பெட்டி

ஆசை புரிகிறது, ஆனால் காது ஒத்துக்கொள்ளாது. கல்லாரிலிருந்து குன்னூர் வரை நம் வண்டி பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் மூச்சு வாங்கி ஏறுகிறது. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர், பல்சக்கரத்துக்கென்றே இரண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உங்கள் கூடத்தில் 60 பேரும் ரன்னிமேடு ஸ்டேஷன் வந்துவிட்டது என்பார்கள். கேன்சஸில் சமதரை. அங்கே ஓடியது இரண்டு சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நான்கு புகைமூச்சு.

கையளவு மரக்கட்டை இரண்டில் 60ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி ஒன்றோடொன்று தேயுங்கள். நான்கு தேய்ப்பு, முதலாவது மட்டும் அழுத்தம்: ‘ச்சா-சு-சு-சு’. தூரத்தில் வேகமாகத் தொடங்கி, நெருங்க நெருங்கத் தளரவேண்டும். நிற்கும் முன் நான்கும் தனித்தனியாகப் பிரிந்து கேட்கட்டும். கடைசியில் வாயால் நீளமாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’, மைக்கிலிருந்து அரை மீட்டர் தள்ளி. அமெரிக்க எஞ்சின் நிலையத்துக்குள் நுழையும்போது மணியடித்துக்கொண்டே வரும், நம் ஊர் வண்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது அந்த மணிதான். பள்ளிக்கூடத்துப் பித்தளைக் கைமணியைச் சீராக, நொடிக்கு ஒன்று. கோயில் மணி கார்வை அதிகம், வேண்டாம். உப்புத்தாளும் ஈரத்தில் மழுங்கும், நாடகத்தன்று புதிதாக ஒட்டிக்கொள்ளுங்கள்.